மாஸ்டர் சொன்னால் கேட்கும், நாம் சொன்னால்?

வீட்டுக்கு வந்து நாய் பழக்கும் மாஸ்டர்கள் முதல் நாள் காட்டும் வித்தை ஏறக்குறைய ஒன்றேதான். வந்ததும் கயிற்றை நம் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். தெருவில் இரண்டு நடை நடப்பார்கள். காலையிலிருந்து நம் தோள்பட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்த நாய், அவர் பக்கத்தில் சாதுவாக நடந்து வரும். "நாய் நல்ல நாய்தான் மேடம்" என்பார்கள். மிச்சத்தை நாமே புரிந்துகொள்ள வேண்டும். உடனே அட்வான்ஸை எடுத்து நீட்டிவிடத் தோன்றும்.

நீட்டாதீர்கள். ஏழெட்டு மாத நாய் வெளியாள் பேச்சைக் கேட்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. 2020-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கப்படும் குட்டிகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். எல்லாம் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வகைகள், அவற்றின் கலப்புகள். ஐந்து மாதத்தில் வளர்ப்பவர் 'சிட்' என்றால் உட்கார்ந்த குட்டிகள், எட்டு மாதத்தில் அவரே சொல்லும்போது டிமிக்கி கொடுத்தன. முன்பின் தெரியாத ஆள் சொன்னால் உட்கார்ந்தன. நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுப்பவள். பெற்றோர் கூட்டத்தில் "வீட்ல சொன்னா காதுலயே வாங்க மாட்டான் டீச்சர், நீங்க சொன்னா கேப்பான்" என்று வருஷம் தவறாமல் கேட்கிற வசனம் இது. அதனால் அந்த ஆய்வைப் படித்தபோது பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

ஆகவே என் அளவுகோல் ஒன்றுதான். மாஸ்டர் கிளம்பிப் போன பிறகு, கேட்டைச் சாத்திய பிறகு, நாய் எங்கள் பேச்சைக் கேட்குமா? இந்த அளவுகோலை வைத்துத்தான் தாம்பரம் பக்கம் நான் பார்த்த மூன்று பேரையும் எடை போட்டேன். மூன்றாமவரிடம் சேர்ந்தோம். இந்த விமர்சனம் பெரும்பாலும் அவரைப் பற்றியது.

நாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் செவலை ஒரு சிப்பிப்பாறை. விருதுநகர் பக்கம் என் வீட்டுக்காரரின் சித்தப்பா வீட்டில் பிறந்தவள். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் ஊர் நாய்களைப் பெயர் சொல்லிப் பேசினார். அதற்கப்புறம் சென்னை ஃபிளாட்டுகளிலும் இவற்றைப் பார்க்க முடிகிறது. முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் இது. வேட்டைக்கு 1972 சட்டம் தடை போட்டுவிட்டது. சட்டம் வந்தது நாய்க்குத் தெரியாது. நூறு அடி தூரத்தில் ஒரு அணில் வாலை ஆட்டினால் செவலைக்கு உலகத்தில் வேறு எதுவும் கேட்காது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்புகிற நாய், கண்ணில் பட்டால் ஓடுகிற நாய். இப்படிப்பட்டதை இரண்டாவது மாடிக்குக் கூட்டி வந்திருக்கிறீர்களே என்று கேட்பவர்கள் சித்தப்பாவைக் கேட்டுக்கொள்ளவும்.

பயிற்சி என்று யோசிக்க வைத்தது அபார்ட்மென்ட் அசோசியேஷன். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தி வந்ததல்லவா, அதிலிருந்து நாய் வைத்திருப்பவர்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. நாய் வளர்க்கக் கூடாது என்று அசோசியேஷன் தடை போட முடியாது. விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதலில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் லிஃப்டில் நாய் ஏறியதும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் கீழ்வீட்டுக் குழந்தையிடம் போய் வாரியத்தின் கடிதத்தைக் காட்ட முடியுமா? நாய் ஒழுங்காக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வந்தவர் வீட்டுக்கே வந்து பழக்குபவர். மாதம் 10,000 ரூபாய், வாரம் ஆறு நாள், தினம் அரை மணி நேரம், "முப்பது நாள் கேரண்டி". பையிலிருந்து சோக் செயினை எடுத்தார். நாய் இழுத்தால் கழுத்தில் இறுகுகிற சங்கிலி அது. சிப்பிப்பாறையின் கழுத்தைப் பார்த்திருப்பீர்கள். நீளம், மெலிவு, சதையே கிடையாது. அதில் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் மூச்சுக்குழாய் என்ன ஆவது? செவலை ஒரு முறை இருமினாள். "ஆரம்பத்துல அப்படித்தான் மேடம் இருக்கும்" என்றார். அடுத்து உட்கார வைக்க இடுப்பில் கை வைத்து அமுக்கினார். உட்காரவில்லை. இன்னும் அமுக்கினார். "இந்த ஜாதிக்கு மண்டை கொஞ்சம் கம்மி" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

கடைசியாக நான் கேட்டது: "நாங்க என்ன செய்யணும்?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மேடம். அதான் நாங்க இருக்கோம்ல."

என்னைப் பொறுத்தவரை நேர்முகத் தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது. போகிற போக்கில் வீட்டில் நாம்தான் 'ஆல்ஃபா', அதாவது கூட்டத் தலைவர், என்று காட்ட வேண்டும், நாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அதற்குத் தட்டு வைக்க வேண்டும் என்று ஓநாய்க் கூட்டத்துக் கதை ஒன்றும் சொன்னார். அந்தக் கதையின் மூலம் 1947-ல் ஷென்கெல் என்பவர் எழுதிய ஆய்வு. ஒரே கொட்டடியில் அடைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. காட்டு ஓநாய்களோடு வருஷக்கணக்கில் இருந்த டேவிட் மெக், 1999-ல் அதைத் திருத்தி எழுதிவிட்டார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம், சண்டை போட்டுத் தலைமையைப் பிடிப்பதெல்லாம் அங்கே வழக்கமில்லை. எங்கள் வீட்டில் எப்படியும் கடைசியில் சாப்பிடுவது நான்தான். அந்தக் கணக்குப்படி நாய்க்கும் கீழே நான்.

இரண்டாவது, கேளம்பாக்கம் தாண்டி ஒரு பண்ணை. நாயை 45 நாள் விட்டுவிட வேண்டும், 35,000 ரூபாய். இடம் படு சுத்தம். டைல்ஸ் தரை, கூண்டுக்குக் கூண்டு ஃபேன், வேளாவேளைக்குச் சாப்பாடு, கேமரா. குறை சொல்ல முடியாது. நடுவில் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். கூடாதாம், நாய் டிஸ்டர்ப் ஆகிவிடுமாம். கடைசி நாள் ஒரு மணி நேரம் நமக்கு டெமோ காட்டி ஒப்படைப்பார்களாம். அலமாரியில் கறுப்பாக ஒரு ரிமோட் கிடந்தது. என் மகன்தான் அது என்ன என்று கேட்டான். கழுத்துப் பட்டையில் ஷாக் கொடுக்கிற கருவி. "பெரிய நாய்களுக்கு மட்டும்தான் தம்பி" என்றார்கள். இந்த ஷாக் பட்டைக்கு வேல்ஸ் நாட்டில் 2010 முதல் தடை. இங்கே ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீடு தேடி வருகிறது. ஊருக்குப் போகும்போது நாயை விட்டுவிட்டுப் போக அந்தப் பண்ணை பரவாயில்லை என்று சிலர் சொல்கிறார்கள். 45 நாள் அங்கே யாரோ சொல்லி யாரோ கேட்டதை ஒரு மணி நேரத்தில் என் கையில் எப்படி மாற்றித் தருவார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

இங்கே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர் பதிவு செய்ய வேண்டும் என்று 2017-ல் விதி வந்தது. பெட் ஷாப்புகளுக்கு 2018-ல் வந்தது. நாயைப் பழக்குபவருக்கு அப்படி லைசன்ஸ் எதுவும் தேவையில்லை. நாளைக்கே நான் ஒரு விசில் வாங்கி மாட்டிக்கொண்டு மாஸ்டர் ஆகலாம். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஆளை எங்கள் வெட்னரி டாக்டரின் கிளினிக்கில் ஊசி போட உதவும் அண்ணன் சொன்னார். அகரம்தென் போகும் வழியில், நாலு பக்கமும் காம்பவுண்டு எடுத்த ஒரு காலி மனை. போர்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வகுப்பு. ஒரு பேட்ச்சுக்கு ஆறு நாய்தான். எட்டு வாரத்துக்கு 6,000 ரூபாய். நேரில் பார்த்துவிட்டுச் சேர்கிறேன் என்றேன். "தாராளமா வாங்க, நாயைக் கூட்டிட்டு வராதீங்க" என்றார். ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். பார்க்க விடுகிறாரா என்பதையே நான் பாதி மதிப்பெண்ணாக வைத்திருந்தேன்.

உள்ளே நுழைகிற நாய்க்குத் தடுப்பூசி அட்டையைச் சரிபார்க்கிறார். பார்வோ என்கிற, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் ஒரு மனையில் வந்துவிட்டால் மண்ணிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். அதற்காக எல்லா ஊசியும் முடியட்டும் என்று நாலு மாதம் வரை குட்டியை வீட்டிலேயே பூட்டி வைக்கவும் சொல்வதில்லை. குட்டி உலகத்தைப் பார்த்துப் பழகுகிற காலம் மூன்று வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரத்தில் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் விலங்கு நடத்தையைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்களின் சங்கம் முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்தாலே குட்டிகளை வகுப்புக்குச் சேர்க்கலாம் என்கிறது. இவரும் அதையே பின்பற்றுகிறார். குட்டிகளுக்குத் தனியாக, சிமென்ட் தளம் போட்ட இடத்தை பினாயில் ஊற்றிக் கழுவாமல் பிளீச்சிங் போட்டுக் கழுவி வைக்கிறார். பார்வோவுக்கு பினாயில் போதாது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

முதல் வகுப்புக்கு நாயே வேண்டாம், ஆட்கள் மட்டும் வாருங்கள் என்றார். காசு கொடுத்தது நாய்க்கு, கூப்பிடுவது எங்களையா என்று என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே வந்தார். அன்று நடந்ததுதான் இந்த வகுப்பின் உயிர்.

கோல்டன் ரெட்ரீவர் வைத்திருக்கிற, பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சாரை 'நாய்' ஆக்கினார். சாரை வெளியே போகச் சொல்லிவிட்டு மற்றவர்கள் கூடி முடிவு செய்தோம்: அவர் நடந்து போய், அந்த நீல வாளியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். இதைச் சொல்லக் கூடாது, கையைக் காட்டக் கூடாது. அவர் மனைவி கையில் ஒரு கிளிக்கர், அமுக்கினால் 'டக்' என்று ஒலிக்கிற சின்னப் பெட்டி. சார் சரியான திசையில் அடி எடுத்து வைத்தால் ஒரு டக், கையில் ஒரு கடலை மிட்டாய்த் துண்டு. சார் உள்ளே வந்து முழித்தார். ஒரு அடி வைத்தார், டக். இன்னொரு அடி, டக். வாளி வரை வந்துவிட்டார். குனிந்தார். அந்த அம்மா அமுக்குவதற்குள் நிமிர்ந்துவிட்டார். டக் நிமிர்ந்தபோது விழுந்தது. அவ்வளவுதான், சார் அங்கேயே நின்று நிமிர்ந்து நிமிர்ந்து காட்டுகிறார், மிட்டாய்க்குக் கை நீட்டுகிறார். எல்லாரும் சிரித்தோம். அம்மாவுக்கு எரிச்சல் வந்து "வாளியப் பாருங்கன்னா!" என்று கத்திவிட்டார். மாஸ்டர் நிறுத்தினார். "சார், இப்ப எப்படி இருந்துச்சு?" என்றார். சார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என்ன தப்புன்னே தெரியாம திட்டு வாங்கினேன்" என்றார்.

அரை நொடி பிந்தினால் வேறு எதற்கோ பரிசு கொடுத்துவிடுகிறோம். இதை ஒரு மணி நேரம் கரும்பலகையில் எழுதிச் சொல்லியிருந்தாலும் என் வீட்டுக்காரர் மண்டையில் ஏறியிருக்காது. அன்று ஏறியது.

நாயோடு வந்த வாரம், செவலையைப் பார்த்ததும் அவர் தொட்டது கழுத்துப் பட்டையை. "இது கழண்டுடும் டீச்சர். இந்த வகைக்குத் தலை கழுத்தைவிடச் சின்னது" என்றார். பின்னால் ஒரு எட்டு வைத்தால் சாதாரணப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்கென்று மார்ட்டிங்கேல் என்ற அகலப் பட்டை இருக்கிறது. இழுத்தால் கழுத்தளவுக்கு மட்டும் இறுகும், அதற்கு மேல் இறுகாது. அடுத்தது சிட். "இதுக்கு உட்கார்றது சௌகரியமில்ல. தொடைச் சதையும் எலும்பும் அப்படி. ஓடுற நாய் நிக்கும், இல்லன்னா படுக்கும். நாம பாய்ல படுக்கச் சொல்லிக் கொடுப்போம்" என்றார். இடுப்பை அமுக்குகிற பேச்சே இல்லை. அழுக்கான பழைய யோகா மேட் ஒன்றை விரித்து, செவலை அதை மோந்து பார்த்ததற்கு ஒரு ஈரல் துண்டு, கால் வைத்ததற்கு ஒன்று, தானாகப் படுத்ததற்கு மூன்று. மண்டை கம்மி என்று பேர் வாங்கியவள், அன்றைக்கே யாரும் கூப்பிடாமல் போய் மேட்டில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

ஈரல் என்றால் கோழி ஈரல். உப்புப் போடாமல் வேக வைத்து, சுண்டல் கடலை அளவுக்கு நறுக்கியது. கடையில் விற்கும் பிஸ்கட்டை செவலை மதிப்பதே இல்லை. கருவாடு தரலாமா என்று கேட்டேன், உப்பு என்று சொல்லிவிட்டார். எங்கள் பேட்ச்சில் லாப்ரடாரோடு வந்த ஒரு மாமி டிபன் டப்பாவில் பனீரைப் பொடிப் பொடியாக நறுக்கி எடுத்து வருவார். ரகசியம் என்னவென்றால், எல்லா நாய்க்கும் மாமி டப்பா மேல்தான் கண்.

வகுப்பில் நாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை. மூலைக்கு ஒன்றாக, நடுவில் தென்னங்கன்றுக்குக் கட்டும் பச்சை வலையைத் திரையாகக் கட்டியிருக்கிறார். வாரா வாரம் திரை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பார்க்க வந்த அன்றே நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். யாரிடம் சேர்வதாக இருந்தாலும் இதை நீங்களும் கேளுங்கள்: "நாய் தப்பாச் செஞ்சா என்ன செய்வீங்க?" முதல் மாஸ்டர் சங்கிலியைத் தொட்டுக் காட்டியிருந்தார். இவர், "ஏன் செஞ்சுதுன்னு பார்ப்பேன். முக்கால்வாசி நான் ரொம்பக் கிட்ட கொண்டுபோயிருப்பேன், இல்ல அதுக்குத் தூக்கம் வந்திருக்கும்" என்றார். தூரத்தைக் கூட்டுவது, வேலையைச் சுருக்குவது, மறுபடி செய்வது. என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு நான் செய்வதும் அதுதான் என்பதால் மனசுக்குப் பிடித்துப்போனது.

கயிற்றை இழுக்காமல் நடப்பதற்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முறை ரொம்ப எளிது, ரொம்ப எரிச்சல். இழுத்தால் மரம் மாதிரி நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்தால் நடக்கலாம். முதல் வாரம் எங்கள் கேட்டிலிருந்து அண்ணாச்சி கடை வரை போய்ச் சேரவே முடியவில்லை. அண்ணாச்சி கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், நாய் ஓடலயா?" என்றார். இப்போது கடை தாண்டி பஸ் ஸ்டாப் வரை கயிறு தொங்கலாகவே போய் வருகிறோம்.

'வா' என்று கூப்பிட்டால் வருவதற்கு முப்பது அடி நைலான் கயிறு. கழுத்தில் கட்டுவதில்லை, மார்பில் போடும் பட்டையில் கட்ட வேண்டும். முழு வேகத்தில் ஓடி வந்து கயிறு தீர்ந்த இடத்தில் கழுத்து வெட்டிக்கொண்டால் அப்புறம் டாக்டரிடம்தான் போக வேண்டும். இன்னொரு விதி: குளிப்பாட்டுவதற்கும் திட்டுவதற்கும் 'வா' என்று கூப்பிடவே கூடாது. நாமே போய்ப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். 'வா' என்றால் எப்போதும் நல்லதுதான் நடக்கும் என்று அது நம்ப வேண்டும்.

வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் வைத்தார். ஒரு வகுப்புக்காவது மகன் வர வேண்டும், இன்னொன்றுக்கு வீட்டுக்காரர் தனியாக வர வேண்டும். பாக்கி இருந்தது என் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி, கிரவுண்டுக்கு வர மாட்டார். யாராவது காலிங் பெல் அடித்தால் செவலை குரைப்பாள், அத்தை "சரி சரி, இந்தா" என்று ஒரு மேரி பிஸ்கட்டைப் போடுவார். குரைத்தால் பிஸ்கட் என்று செவலை கணக்குப் போட்டுவிட்டாள். அத்தையிடம் நான் சொல்ல முடியுமா? மருமகள் சொல்லி நிற்கிற விஷயமா இது?

வீட்டு விசிட்டுக்குத் தனியாக 800 ரூபாய் வாங்கிக்கொண்டு மாஸ்டர் வந்தார். அத்தை போட்ட காபியைக் குடித்தார். பிஸ்கட் போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அம்மா, நீங்க போடுற பிஸ்கட்டுக்குத்தான் அது மதிப்பு கொடுக்குது. அதை மேட்டுல மட்டும் போடுறீங்களா?" என்று கேட்டார். மேட்டை அத்தையின் நாற்காலி பக்கத்தில் விரித்தார். மகனை வெளியே அனுப்பி பெல் அடிக்கச் சொன்னார். செவலை வாசலுக்குப் பாய்ந்து குரைத்தாள். அத்தை பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டி, "எங்க படுக்கணும்?" என்றார். யாரும் சொல்லித் தராத வசனம் அது. செவலை திரும்பினாள், வாசலைப் பார்த்தாள், பிஸ்கட்டைப் பார்த்தாள், வந்து மேட்டில் விழுந்தாள். ஒரு வாரத்தில் பெல் அடித்தால் மேட்டுக்கு ஓடுவது பழக்கமாகிவிட்டது. இன்றுவரை எங்கள் வீட்டில் செவலை தட்டாமல் கேட்பது அத்தை பேச்சைத்தான்; கட்டளையும் "எங்க படுக்கணும்?" என்றே நிலைத்துவிட்டது. 800 ரூபாய்க்கு இதைவிட நல்ல செலவு நான் செய்ததில்லை.

குறைகளும் உண்டு. இடத்தில் நிழல் என்று சொல்ல ஒரு வேப்ப மரம்தான். ஏப்ரல், மே மாதத்தில் எட்டு மணிக்கெல்லாம் தரை கொதிக்கும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணிப் பார்க்கச் சொல்வார், தாங்காவிட்டால் வகுப்பு அத்தோடு முடிந்தது. நியாயம்தான், ஆனால் நேரம் குறைந்ததற்கு ஈடு செய்வதில்லை. கழிப்பறை கிடையாது. பெண்களும் வயதானவர்களும் வருகிற இடத்தில் இதை எப்படி யோசிக்காமல் விட்டார்? மழை பெய்தால் வகுப்பு ரத்து, மாற்று வகுப்பு எப்போது என்று நாமே நச்சரிக்க வேண்டும். ஓரமெல்லாம் நெருஞ்சி முள். கார் நிறுத்தப் பக்கத்து மனைக்காரரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

வீட்டுப்பாடத்தை வாட்ஸாப்பில் குரல் பதிவாக அனுப்புகிறார். ஒவ்வொன்றும் சீரியல் எபிசோடு நீளம். நடுவில் லாரி சத்தம், அவர் மகளோடு பேச்சு, அப்புறம் மறுபடி பயிற்சி. ஒரு தாளில் மூன்று வரி எழுதிப் போடுங்கள் என்று நானே எழுதிக் கொடுத்தேன். அந்த வாரம் அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார், அடுத்த வாரம் மறுபடி குரல் பதிவு. ஆனால் வீட்டுப்பாடத்தின் அளவு சரி: ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. இளம் நாய்க்கு அதற்கு மேல் கவனம் நிற்காது.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது கடைசிப் பத்து நிமிடம். எல்லா நாயின் கயிற்றையும் கீழே விட்டு விளையாட விடுவார். எங்கள் பேட்ச்சில் ஒரு ஷிட்ஸு, பஞ்சு உருண்டை. அது ஓடினால் செவலையின் கண்ணுக்கு அது நாயா முயலா? காதை மடக்கிக்கொண்டு அவள் குனிந்ததைப் பார்த்த நொடியே நான் கயிற்றை மிதித்துவிட்டேன். மாஸ்டரிடம் சொன்னேன். அடுத்த வாரம் முதல் பெரியது தனி, சின்னது தனி என்று பிரித்தார். சொன்னதைக் கேட்டுக்கொண்டார் என்பது நல்ல விஷயம். சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்பதும் உண்மை.

கடிக்கிற நாய், ஏற்கெனவே யாரையாவது கடித்த நாய் என்றால் இந்த வகுப்புக்கு எடுப்பதில்லை. அப்படி ஒருவர் வந்தபோது, முதலில் டாக்டரிடம் முழு உடம்பையும் பரிசோதியுங்கள், வலி இருந்தாலும் நாய் கடிக்கும், அப்புறம் தனியாகப் பேசுவோம் என்று அனுப்பிவிட்டார். 6,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்கிற ஆள்.

செவலை இப்போது எப்படி? லிஃப்டில் என் காலோடு ஒட்டி நிற்கிறாள். கீழ்வீட்டுக் குழந்தை இப்போது சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்து நிற்கிறாள். வாசலில் ஆள் வந்தால் செவலை மேட்டுக்குப் போகிறாள். மைதானத்தில் 'வா' என்றால் வருகிறாள், பூனை இல்லாதவரை. பூனை கண்ணில் பட்டால் இன்னமும் விருதுநகர்க்காரிதான். அது முழுசாக மாறும் என்று மாஸ்டரும் சொல்லவில்லை. வெளியிடத்தில் நீளக் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம் என்கிறார். "கேரண்டி எல்லாம் மிக்ஸிக்குத்தான் டீச்சர்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

வீட்டில் ஒருவராவது தினம் கால் மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால் போங்கள். முடியாது, ஆள் வந்து பழக்கிவிட்டுப் போகட்டும் என்று இருப்பவர்களுக்கு இது பணத்தண்டம். அக்டோபர், நவம்பர் பேட்ச்சில் சேராதீர்கள், பாதி ஞாயிறு மழையில் போய்விடும். பொங்கல் கழித்துத் தொடங்குவதுதான் வசதி. இடம் பிடிக்க 1,000 ரூபாய் முன்பணம் கேட்பார். வராவிட்டால் திரும்பக் கிடைக்காது. மாமி இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டார்.